யன்னலும் கதிரையும்

தைலவர்ணத்தில் பிரதிமை வரைவது பற்றிய வெளிநாட்டு நூல்கள் பெரும்பாலும் ஒரே புத்திமதியுடன் தொடங்கும்: வடக்குப் பார்த்த யன்னல் உள்ள அறையைத் தேடிக்கொள்ளுங்கள். லண்டனுக்கும் பாரிசுக்கும் அது பொருந்தும். அங்கே சூரியன் தெற்குப் பக்கமாகவே சாய்ந்து போவதால் வேலை நேரத்தில் வடக்கு யன்னலுக்குள் வெயில் விழாது. காலை பத்து மணிக்கு மூக்கருகே கிடந்த நிழல் பிற்பகல் மூன்று மணிக்கும் அநேகமாக அங்கேயே கிடக்கும்.

கொழும்பு இருப்பது வட அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் கீழே. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டி, சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று பத்திரிகைகளில் சின்னதாக ஒரு செய்தி வருமே, அந்த நாளில் இருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரைக்கும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஜூன் மாதத்தில் வடக்கு யன்னலுக்குள் காலையில் ஒரு பக்கமாகவும் மாலையில் மறுபக்கமாகவும் வெயில் சாய்ந்து நுழையும். புத்தகத்தை நம்பி அந்த யன்னலருகே ஆளை இருத்தினால், கன்னத்தைக் கீறி முடிப்பதற்குள் கன்னத்து நிழல் காதுப் பக்கம் போய்விடும். ஆகவே நம் ஊர்க் கணக்கு வேறு. ஒக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கு யன்னல், ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை தெற்கு யன்னல். வீட்டில் ஒன்றுதான் உண்டென்றால் அதற்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள்; பழைய வேட்டி போதும். வெயில் துணியில் பட்டுப் பரவிவிட்டால் நிழலின் ஓரம் அத்தனை அலையாது.

இந்த அத்தியாயத்தில் வண்ணக் கலவையைவிட யன்னலுக்கும் கதிரைக்கும் முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. “சாயல் வருகுதில்லை” என்று மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் பெரும்பாலும் கீறல் பிழைப்பதில்லை. யன்னல் ஒரு பக்கம், ரியூப் லைட் உச்சியில், திறந்த கதவு பின்னால் என்று மூன்று வெளிச்சம் ஒரே முகத்தில் விழுந்திருக்கும். முகத்தின் மேடுபள்ளத்தைக் காட்டுவது நிழல். அது மூன்றாகப் பிரிந்தால் மூக்கு மூக்காக இராது.

வெள்ளவத்தை வீடும் கொட்டாஞ்சேனை வீடும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்திருக்கும் தொடர்மாடிகளின் மேற்கு யன்னல் கடலைப் பார்க்கிறது. பின்னேரத்தில் அந்த யன்னல் எதற்கும் உதவாது, நேர் வெயில். காலையில் பதினொரு மணி வரைக்கும் மிக நல்லது. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. கடலில் தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து மேலே வரும். நாடியின் அடி, மூக்கின் அடி, புருவத்தின் கீழ்ப்பக்கம் என்று இருள வேண்டிய இடங்களெல்லாம் பளிச்சிடும். மேடை நாடகத்தில் தரை விளக்கு வைத்தது போல முகம் மாறிவிடும். யன்னலின் கீழ்ப்பாதியைத் தடித்த துணியால் மறையுங்கள். தரையில் வெள்ளை மாபிள் பதித்திருந்தால் கதிரையைச் சுற்றிப் பாயோ கறுப்புத் துணியோ விரியுங்கள். அந்தத் தரையும் ஒரு சின்னக் கடல்தான்.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் சங்கடம் வேறு. முன்பக்கம் ஒடுக்கம், பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரம், நல்ல வெளிச்சம் உள்ளது நடுமுற்றத்தில் மட்டும். முற்றத்தின் ஓரத்திலேயே ஆளை இருத்தினால் வெளிச்சம் உச்சியில் இருந்து விழுந்து கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். கதிரையை ஐந்தாறு அடி உள்ளே இழுங்கள். வெளிச்சம் நாற்பத்தைந்து பாகை சாய்வில் வந்து, நிழற்பக்கக் கன்னத்தில் மூக்கின் நிழலுக்கு அப்பால் ஒரு சின்ன முக்கோணம் ஒளிர்ந்தால் இடம் சரி. எதிர்ச்சுவர் பச்சையாகவோ ரோசாவாகவோ பூசியிருந்தால் அந்த நிறம் நிழல் கன்னத்தில் ஏறிக்கொள்ளும். சாம்பல் நிறப் போர்வை ஒன்றை அந்தச் சுவரில் தொங்கவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இரவில்தான் நேரம் என்பவர்கள் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு வாங்கவேண்டும்: ஆளுக்கு ஒன்று, கன்வசுக்கு ஒன்று. இரண்டும் ஒரே வகையாக, 5000 கெல்வின் அளவில், நிறத்தைச் சரியாகக் காட்டும் சுட்டெண் 90க்கு மேலாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் கலந்த வண்ணம் மறுநாள் பகலில் நீலம் பாரித்து நிற்கும்.

அமர்வு

ஓவியர் நின்று வேலை செய்வார், இருப்பவரின் கண் அவரின் நெஞ்சு மட்டத்தில் இருக்கும். அப்படியே வரைந்தால் முகத்தை மேலிருந்து பார்க்கிற கோணம் வந்துவிடும். ஒரு கல்லூரி அதிபருக்கோ நீதிபதிக்கோ அது பொருந்தாது. கதிரையை ஒரு அடி உயரப் பலகை மேடையில் வையுங்கள். கதிரைக் கால் நான்கையும் சுற்றி ரேப் ஒட்டுங்கள். கண் பார்க்கவேண்டிய இடத்தில் சுவரில் ஒரு பொட்டு. உங்கள் கால் நிற்கும் இடத்துக்கும் ரேப். தூரம் எட்டு அடிக்குக் குறையக்கூடாது. கிட்ட நின்றால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும், கைபேசிப் படத்தில் நடப்பதும் அதுதான்.

இருபத்தைந்து நிமிடம் இருத்தி, பத்து நிமிடம் எழும்பி நடக்க விடுங்கள். வயதானவருக்கு இருபது போதும். இரண்டு மணி நேர அமர்வுகள் ஆறில் இருந்து எட்டு தேவைப்படும். கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வாயை மூடி அசையாமல் இருப்பவரின் முகம் பத்து நிமிடத்தில் தொய்ந்து, கடவுச்சீட்டுப் படத்து முகமாகிவிடும். இளைப்பாறிய அதிபர் ஒருவரை அவருடைய பழைய மாணவரே வரையும்போது நடக்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“சேர், வகுப்புக்குள்ளை வரேக்கை கடைசி வாங்கிலை கதைக்கிறவனை ஒருக்காப் பாப்பீங்களே, அப்பிடிப் பாருங்கோ.”

“அது எப்பவும் நீர்தானே, தம்பி.”

அந்த நொடியில் கண்ணைச் சுற்றி வருகிற சுருக்கம்தான் படத்துக்கு வேண்டியது. அப்போது வாயைப் பார்க்காதீர்கள், கீழ் இமையைப் பாருங்கள். பல் தெரியச் சிரிக்கும் முகத்தைச் சம்பிரதாயப் பிரதிமையில் வைக்காமல் இருப்பதே நல்லது. அதை எட்டு அமர்வுக்கு யாராலும் பிடித்துவைக்க முடியாது.

கன்வஸ்

தலையும் தோளும் மட்டும் என்றால் 20க்கு 24 அங்குலம், கையும் வரவேண்டும் என்றால் 30க்கு 40. தலையை உயிர் அளவைவிடச் சற்றுக் குறைத்து, நாடி முதல் உச்சி வரை எட்டு அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். மனிதத் தலை ஏறக்குறைய ஒன்பது அங்குலம்தான் என்றாலும், அதே அளவில் வரைந்தால் சுவரில் பூதாகரமாகத் தெரியும்.

கடையில் ஆயத்தமாக விற்கும் பருத்திக் கன்வசை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளையாக வெளிச்சம் தெரிந்தால் பூச்சு போதாது. எண்ணெய் துணிக்குள் இறங்கி நாளடைவில் துணியையே அரிக்கும். அக்கிரிலிக் ஜெசோ இரண்டு கோட் அடித்து, மெல்லிய மண்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். சுவருக்குப் பூசுகிற இமல்சன் மலிவுதான், ஆனால் அதன்மேல் தைலவர்ணம் உரிந்துவிடும். காய்ந்தபின் அம்பர் வர்ணத்தை டர்பன்டைனில் கரைத்துத் துணியால் தேய்த்து, கன்வஸ் முழுவதையும் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைப் பரப்பில் எந்த நிறமும் இருண்டு தெரிந்து கண்ணை ஏமாற்றும்.

கீறலையும் அம்பரிலேயே செய்யலாம். தலையின் மொத்தச் சாய்வு, கண்கோடு, மூக்கடி, வாய், நாடி. பிறகு நிழல் முழுவதையும் ஒரே தட்டையான அம்பரால் நிரப்பி, வெளிச்சப் பக்கத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். கண்மணியோ இமைமயிரோ இன்னும் வரவில்லை. ஆனால் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் ஆள் யாரென்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் வண்ணத்துக்குப் போகாதீர்கள். முதல் அமர்வு முழுவதும் இதற்கே போனாலும் நட்டமில்லை.

நம் தோல்

அடுத்த இடறல் வெளிநாட்டு நூல்களின் ‘தோல் நிறம்’. ரியூபில் அந்தப் பெயரோடு நெடுங்காலமாக விற்றுவந்தது இளஞ்சிவப்பு. நமக்கு அது தேவையில்லை. சுவீடன் ஓவியர் அன்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் நாலு வண்ணப் பலட்டை (வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன், கறுப்பு) பலரும் சிபாரிசு செய்வார்கள். அதற்குள் பேர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் சேர்த்தால்தான் நம் முகங்கள் பிடிபடும்.

யன்னலருகே இருக்கும் நடுவயது ஆண் ஒருவரின் முகத்தைப் பாருங்கள். நெற்றி கன்னத்தைவிட ஒரு படி கறுப்பு. கண்ணைச் சுற்றி ஊதா கலந்த கபிலம். கன்னத்தின் மேட்டில் செம்மண் நிறம். மேலுதடு ஊதாக் கபிலம், கீழுதட்டின் நடுவில் மட்டும் ரோசா. சவரம் செய்த நாடியில் நீலச் சாம்பல். காதின் விளிம்பில் வெளிச்சம் ஊடுருவினால் நல்ல சிவப்பு. இத்தனையையும் ஒரே கபிலத்தால் பூசி, வெளிச்சத்துக்கு வெள்ளையும் நிழலுக்குக் கறுப்பும் கலந்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஆரம்ப மாணவர் படங்களில் இது மிகச் சாதாரணம்.

வெளிச்சம் படும் தோலைக் கூட்டுவதற்கு முதலில் ஓக்கரைச் சேருங்கள்; வெள்ளை பிறகு, கொஞ்சமாக. இடைநிறத்துக்கு சியன்னாவும் அம்பரும், துளி நீலமும். நிழலுக்கு அம்பர், அலிசரின் சிவப்பு, அல்ட்ராமரைன். இதில் வெள்ளையே வேண்டாம், மெல்லிசாக, அடிப்பூச்சு தெரிகிற மாதிரி. கரிய தோலின் மினுக்கம் எப்போதும் யன்னலின் நிறம்: வானத்தின் நீலச் சாம்பல். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் அதைச் சுத்த வெள்ளையால் வைப்பவர்கள் முகத்தில் எண்ணெய் வழியவிடுகிறார்கள்.

“கொஞ்சம் வெள்ளையாப் போடுங்கோ” என்று வீட்டார் கேட்பார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்பார்கள், கோபிக்க வேண்டாம். தோலில் கை வைக்காமல் பின்னணியை இரண்டு படி இருட்டாக்குங்கள். சட்டைக் கழுத்தின் வெள்ளையைச் சாம்பலுக்குக் குறையுங்கள். பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த முகமும் கறுக்கும். இந்த இரண்டையும் செய்தபின் “இப்ப சரி” என்பார்கள். முகத்தில் ஒரு தொடுகைகூட மாறியிராது.

இங்கேயே பார்த்துப் படிக்க இடம் உண்டு. டேவிட் பெயின்டர் (1900–1975) லண்டன் ரோயல் அக்கடமியில் பயின்றவர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்திலும் கல்கிசை புனித தோமையர் கல்லூரித் தேவாலயத்திலும் அவர் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. கண்டியில் விவிலியக் காட்சிகளில் நிற்பவர்கள் நம் நாட்டு மனிதர்கள், நம் நிறத்தவர்கள். பிரதிமைக்கு என்றால் ஹரி பீரிஸ் (1904–1988). லண்டன் ரோயல் கலைக் கல்லூரி, பாரிசில் ருஷ்ய ஓவியர் றொபேட் ஃபால்க், பிறகு சாந்திநிகேதன் என்று படித்துவந்தவர். 1943இல் தொடங்கிய ‘43 குழு’வின் தூண்களில் ஒருவர். அந்தக் குழுவை அக்கடமி மரபுக்கு எதிராக எழுந்தது என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கோ அதற்குள் இருந்துகொண்டே மனிதர்களை எதிரே இருத்தி வரைந்துவந்த பீரிஸ்தான் பெரியவர். பார்ன்ஸ் பிளேசில் அவர் வாழ்ந்த வீடு இன்று சபுமல் நிதியம். அங்கே போனால் படங்களை ஆறு அங்குலத்தில் நின்று பாருங்கள். பிறகு பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். அக்கடமி மரபையும் பார்க்க விரும்பினால் முதலியார் ஏ.சி.ஜி.எஸ். அமரசேகர (1883–1983) பெயரைத் தேடுங்கள்.

திருநீறு, வேட்டி, பட்டு

திருநீற்றை வெள்ளைக் கோடு மூன்றாக இழுத்தால் அது நெற்றியை விட்டு எழும்பி முன்னால் மிதக்கும். நெற்றி வளைவானது. வெளிச்சப் பக்கத்தில் குறிகள் தெளிவு. நிழற்பக்கப் பொட்டுக்குத் திரும்பும்போது அதே நீறு, வெளிச்சத்தில் உள்ள தோலைவிட அதிகம் வெளிறியதாக இராது. நெற்றி நன்றாகக் காய்ந்தபின், கடைசி அமர்வில், உலர்ந்த தூரிகையால் வெளிர்ச் சாம்பலைத் தொட்டும் தொடாமலும் இழுங்கள். இடையிடையே தோல் தெரியட்டும். பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். சந்தனப் பொட்டும் குங்குமமும் மட்டும் சற்றுத் தடிப்பாக இருக்கலாம்.

வேட்டியிலும் சால்வையிலும் சுத்த வெள்ளையை மடிப்பின் முகட்டில் ஒன்றிரண்டு இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அல்ட்ராமரைனும் சியன்னாவும் வெள்ளையில் கரைந்த சாம்பல். காஞ்சிபுரப் பட்டில் கரையின் சரிகையை இழை இழையாகக் கீற முயலாதீர்கள். தங்கம் என்பது அம்பர், ஓக்கர், அவற்றின்மேல் வெளிர்மஞ்சளில் நாலைந்து கூர்மையான பொட்டு. தாலிக்கொடிக்கும் அதே வழி.

படம் மட்டும் மிஞ்சியவர்கள்

எங்களிடம் வரும் வேலைகளில் கணிசமானவை காலமானவர்களின் பிரதிமைகள். அந்தியேட்டிக்குள் வேண்டும் என்பார்கள். முப்பத்தொரு நாளில் தைலவர்ணம் வரைந்து காய்ந்து சட்டமும் போட்டு முடிவது நடக்கிற காரியமில்லை. அன்றைக்குப் பெருப்பித்த புகைப்படத்தை வையுங்கள், ஆண்டுத் திவசத்துக்குப் படம் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கையில் கிடைக்கும் படத்தில் பிளாஷ் அடித்திருந்தால் முகத்தில் நிழலே இராது. வரைய ஒன்றும் இல்லை. பழைய ஸ்ரூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் விளக்கைப் பக்கத்தில் வைத்து முகத்தை எடுக்கத் தெரிந்தவர்கள். ஐம்பது வருடம் பழசானாலும் அந்தப் படத்தில் எலும்பு தெரியும். நிறத்துக்கு மகனையோ சகோதரியையோ அதே திசை வெளிச்சத்தில் இருத்திப் பார்த்துக் கலக்கலாம். குடும்பத்தில் காதும் நெற்றியும் அப்படியே இறங்கியிருக்கும்.

சில வீடுகளில் அதுவும் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது அல்பங்களும் எரிந்தன. அதற்குப் பிந்திய இடப்பெயர்வுகளில் தப்பியது பலருக்கு அடையாள அட்டைப் படம் மட்டும்தான். நகத்தளவு படத்தை 30 அங்குலக் கன்வசுக்குப் பெருப்பிக்காதீர்கள். 12க்கு 16 போதும், தலை நாலு அங்குலம். நிழற்பக்கத்தை மெதுவாகப் பின்னணிக்குள் கரைய விடுங்கள். படத்தில் இல்லாத சுருக்கத்தையும் மருவையும் நீங்களாகச் சேர்க்க வேண்டாம். வீட்டாரிடம் “அவர் கதைக்கேக்கை தலையை எந்தப் பக்கம் சாய்ப்பார்?” என்று கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும், ஒருவர் எழும்பி நடித்துக் காட்டுவார். அதைப் பார்த்துக் கீறிக்கொள்ளுங்கள்.

காயவைப்பதும் தொங்கவிடுவதும்

தைலவர்ணம் உலர்வது நீர் வற்றுவது போலல்ல. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி இறுகுகிறது. அம்பர் இரண்டொரு நாளில் இறுகும்; ஐவரி கறுப்பும் அலிசரினும் வாரக்கணக்கில் இழுக்கும். மழைக்கால ஈரத்தில் இன்னும் மெதுவாகும். ஆகவே அடித்தட்டில் டர்பன்டைன் கூட, மேலே போகப் போக லின்சீட் எண்ணெய் கூட. கறுப்பை அடியில் தடிப்பாகப் பூசினால் மேல்தட்டு வெடிக்கும். அவசரத்துக்கு வெயிலில் வைக்க வேண்டாம். யன்னல் திறந்த அறையில் காற்றாடியைத் தூரத்தில் ஓடவிட்டால் போதும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை தாமாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடித் தகரத்தில் போடுங்கள்.

திரைநீக்கம் வரைக்கும் படத்தைத் துணியால் மூடி இருட்டறையில் வைக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். இருட்டில் லின்சீட் எண்ணெய் மஞ்சளிக்கும். அப்படி மஞ்சளித்திருந்தால் சில நாள் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள், பெரும்பகுதி தெளிந்துவிடும்.

மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் கன்வசின் பின்புறத்தில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். சட்டத்தின் நாலு மூலையிலும் பின்னால் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே அரை அங்குலம் காற்றோடும். கடலைப் பார்த்த யன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் தொங்கவிடாதீர்கள். பின்னேரம் முழுவதும் பளபளப்பு மட்டும்தான் தெரியும். மண்டபத்தில் எட்டடி உயரத்தில் ஏற்றுகிறார்கள் என்றால் மேற்சட்டத்தை ஒன்றிரண்டு அங்குலம் முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்று நின்றால், கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி நடுவில் மரச்சலாகை வையுங்கள். வார்னிஷை ஆறு மாதம் கழித்து, தடிப்பான படமென்றால் ஒரு வருடம் கழித்துப் பூசலாம். அந்தத் திகதியைக் கன்வசின் பின்னால் பென்சிலால் எழுதி, மிச்சக் காசில் ஒரு பங்கை அதுவரை வாங்காமல் விடுங்கள். அப்போதுதான் கூப்பிடுவார்கள்.